பதினாலாம் தூண்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மா இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை தானாகவே நடக்கிறாள். திரும்பி வரும்போது கம்பை அங்கேயே மறந்துவிட்டு வருகிறாள், அதனால் கம்பு எதற்கு என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உன் முதுகு வலி எப்படி? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா?

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

விஷயம் இதுதான். தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. அக்டோபர் ஒன்றாம் தேதி முதல் எந்த வேலைக்கும் திட்ட மேலாளராக இருப்பவரிடம் உலகம் ஒப்புக்கொண்ட சான்றிதழ் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் சான்றிதழ் உள்ள ஒருவர் தலைவராக வருவார், நான் அவருக்கு உதவியாளர். ஆளையும் தயாராக வைத்திருக்கிறார்கள். தலைமை அலுவலகத்தில் மூன்று வருஷம் நாற்காலியைத் தேய்த்தவர். சட்டையில் ஒரு பொட்டுத் தூசி இருக்காது. எங்கள் ஆட்கள் அவருக்குச் சட்டைக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஆறு மாடி ஆஸ்பத்திரி, வாலு. பழைய கட்டடத்தை இடித்த நாளிலிருந்து நான் அங்கே நிற்கிறேன். நாலு மாடி எழும்பிவிட்டது. மேலாளரிடம் நேரே போய், "பதினெட்டு வருஷமா நான் கட்டினது எல்லாம் நிக்குது சார். அட்டை இல்லாததால எது விழுந்துச்சு, சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, வாங்கித்தான் காட்டுகிறேன். உன்னிடம் அந்த மாதிரி ஒன்று இருக்கிறதே. எது நல்லது, எப்படி வாங்குவது என்று விவரமாக எழுது. ஆறாவது மாடிக்குக் கூரை போடும்போது தலைவி நானாகத்தான் இருப்பேன். எவன் வந்தாலும் சரி.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. நலம். நாற்காலியை மாற்றிவிட்டேன், முதுகுதான் மாறவில்லை. அம்மாவுக்கு இடுப்பில் வைத்த தகடு குளிருக்கு வலிக்கிறதா? வெந்நீர் ஒத்தடம் கொடு.

உலகத்தில் இந்தச் சான்றிதழ் ஒன்றா இரண்டா? முக்கியமானவற்றை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். நிஜப் பேரெல்லாம் மூன்றெழுத்து நாலெழுத்துச் சுருக்கம், நீ திட்டுவாய் என்று நானே பேர் வைத்துவிட்டேன்.

முதலாவது, மணிக்கணக்குச் சான்றிதழ். நீ எத்தனை மாதம் வேலைக்குத் தலைமை தாங்கினாய் என்று கணக்குக் காட்ட வேண்டும். என்னைப் போலப் பட்டம் வாங்கியவர்களுக்கு முப்பத்தாறு மாதம், உன்னைப் போல டிப்ளமோ படித்தவர்களுக்கு அறுபது. எல்லாம் கடைசி எட்டு வருஷத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் அப்போதைய மேலதிகாரியின் பேரைக் கொடுக்க வேண்டும், சரிபார்ப்பில் சிக்கினால் அவர் கையெழுத்தும் வேண்டும். அதற்குப் பிறகுதான் பரீட்சை.

இரண்டாவது, புத்தகச் சான்றிதழ். அனுபவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஒரு புத்தகம், ஒரு பரீட்சை. சில நாடுகளில் அரசாங்க வேலைக்கு இதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள்.

மூன்றாவது, படிக்கட்டுச் சான்றிதழ். நாலு படி இருக்கிறது. மேல் படிகளில் அனுபவசாலிகள் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து நீ செய்த வேலையைப் பற்றிக் கேட்டுத் துளைத்து எடுப்பார்கள்.

என்னைக் கேட்டால் புத்தகத்தை எடு. மணிக்கணக்கு வேண்டாம் அக்கா. பழையதையெல்லாம் கிளற வேண்டியிருக்கும், உனக்கு அதற்கு எங்கே நேரம்?

அன்புடன்,
வாலு


மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

நானும் அம்மாவும் நலம். ஒத்தடம் கொடுத்தேன். சூடு போதாது என்கிறாள், பிறகு சுடுகிறது என்கிறாள். அப்படியென்றால் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அட்டவணை அருமை. கோடு போட்ட விதத்தைப் பார்த்ததும் டிப்போ வேலையில் நீ எனக்குக் கோப்பு பார்த்த அந்த ஏழு மாதம் ஞாபகம் வந்தது. ஆனால் ஒரு சங்கடம். சுற்றறிக்கையின் கடைசி வரியில் மணிக்கணக்குச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும் என்று போட்டிருக்கிறது. உன்னிடமும் சட்டைக்காரரிடமும் இருப்பது அதுதான். வேறு நாட்டில் மெச்சுகிற புத்தகத்தை வைத்து நான் விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

கணக்குப் போட்டேன். ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு மாதம். அதற்கு முன்னால் அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்திருந்த இருபத்திரண்டு மாதம் நான் வீட்டில். அதற்கும் முன்னால் பேருந்து டிப்போ, முப்பது மாதம். ஆக அறுபத்தெட்டு, எட்டு வருஷத்துக்குள்தான் வருகிறது. அம்மாவைப் பார்த்துக்கொண்டதையும் ஒரு வேலையாகச் சேர்க்கலாமென்றால் தொண்ணூறு. அதற்குக் கையெழுத்துப் போட அம்மா ரெடி.

அந்தப் படிவத்தில் செய்த வேலையை எப்படி எழுத வேண்டும் என்று எனக்குப் பிடிபடவில்லை. நீ உன்னுடையதில் என்ன எழுதினாய்? அதில் ஒரு நகல் அனுப்பு. பார்த்து எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, இங்கே தலைக்கு மேலே வேலை. உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறுவதைக் குறைத்துக்கொள்.

என் படிவம் பழைய கணினியோடு போய்விட்டது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இன்னொரு யோசனை. படிக்கட்டுச் சான்றிதழை உங்கள் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுப் பாரேன். உன் அனுபவத்துக்கு மூன்றாம் படிக்கே நேராகப் போகலாம். மணிக்கணக்கில்தான் போவேன் என்றால் டிப்போவைச் சேர்க்காதே. சின்ன வேலை, அதை எழுதினால் எடுபடாது. கையெழுத்துக்காக, டிப்போவில் நமக்கு மேலதிகாரியாக இருந்த பெரியவரிடம் போய் அலையவும் வேண்டாம். ஓய்வு பெற்ற மனிதர், வயதாகிவிட்டது, எதையாவது மாற்றிச் சொல்லிவைப்பார்.

வானிலை பரவாயில்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 20

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா நலம். என் முழங்காலும் நலம். உன் மூளைக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது.

டிப்போ சின்ன வேலையா? நூற்றுப்பத்து பேருந்து நிற்கிற கூரை, நாற்பத்திரண்டு தூண், கீழே டீசல் தொட்டி. மழையில் இரண்டு முறை மூழ்கி, இரண்டு முறை இறைத்துக் கட்டியது. அதை விட்டால் என் கையில் முப்பத்தெட்டு மாதம்தான் மிஞ்சும், அறுபது வேண்டும். கணக்கில் நீ நூற்றுக்கு நூறு வாங்கியவள். இது உனக்குத் தெரியாதா? ஏன் என் காதில் பூச்சுற்றுகிறாய்?

பரீட்சைப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். வேலையில் அக்கறை உள்ளவர்கள் யார் யார் என்று முதலில் பட்டியல் போடு என்கிறது. சிரித்துவிட்டேன். பட்டியலில் முதல் ஆள் எங்கள் தண்ணீர் லாரி ஓட்டுநர். அவருக்குக் கோபம் வந்தால் ஆறு மாடியும் நிற்கும். இதைச் சட்டைக்காரரிடம் சொன்னேன். மனிதர் குறித்துக்கொண்டார். இப்போது தினமும் தளத்துக்கு வந்து என் பின்னாலேயே நடக்கிறார். அக்டோபருக்கு ஒத்திகை பார்க்கிறாராம்.

என் நாள்குறிப்புகளையும் எடுத்துத் தூசி தட்டினேன். பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் அதே மூன்று வரி. இன்று முடிந்தது. இன்று நின்றது. யார் காரணம். நீதானே டிப்போ குறிப்பையெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்தாய். புரட்டிக்கொண்டே போனபோது பதினாலாம் தூண் வந்தது. நாலு அங்குலம் தள்ளிக் கான்கிரீட் போட்டு, மறுநாள் எல்லார் முன்னாலும் உடைத்த தூண். மூன்றாவது வரியில் "நான்" என்று எழுதியிருக்கிறேன். அதைப் படித்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. ஆனால் அதையும் படிவத்தில் எழுதுவேன். தப்பு செய்து திருத்தத் தெரிந்தவள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு பெரியவர் வீட்டுக்குப் போகிறேன்.

அக்கா


ஏப்ரல் 29

அன்புள்ள அக்கா,

இது சீக்கிரம் வந்து சேர வேண்டும் என்று கூடுதல் தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

தயவுசெய்து பெரியவரிடம் போகாதே. ஜூலையில் லீவு போட்டு வருகிறேன். நேரில் உட்கார்ந்து பேசி இரண்டு பேரும் சேர்ந்து உன் படிவத்தை நிரப்புவோம். அதுவரை பொறு. சின்ன வயதிலிருந்து உன்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இது ஒன்றை மட்டும் காரணம் கேட்காமல் செய்.

அம்மா எப்படி இருக்கிறாள்?

வாலு


மே 8

தங்கைக்கு,

அம்மா நலம். உன் கடிதம் நான் பெரியவர் வீட்டிலிருந்து திரும்பிய மறுநாள் வந்தது.

மனிதருக்கு ஞாபகம் கணீரென்று இருக்கிறது. என்னைப் பார்த்து அத்தனை சந்தோஷம், டீ போடச் சொன்னார். படிவத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்தார், கழற்றினார், மறுபடி போட்டார். "ஒரு வேலைக்கு ரெண்டு தலைவர்னு நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? இதுக்குத்தான் உன் தங்கச்சிக்கு அப்பவே போட்டாச்சே. நீதான் அனுப்பி வச்சேன்னு சொன்னாளே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் அலமாரியைத் திறந்து நகலை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்ட எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறார். பழைய கணினியோடு போகவில்லை, பார்த்தாயா.

உனக்கு வேண்டிய முப்பத்தாறு மாதத்தில் டிப்போவின் முப்பது மாதத்தையும் எழுதியிருக்கிறாய். கோப்பு பார்த்த ஏழு மாதத்தை இழுத்து முப்பதாக்கி, திட்டத் தலைவி என்று போட்டிருக்கிறாய். வெள்ளம் இறைத்தது நீ. டீசல் தொட்டியை இடம் மாற்றியது நீ. வார்த்தைக்கு வார்த்தை என் நாள்குறிப்பு. நான் அம்மாவின் மலச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த வாரத்தில் தேதி போட்டிருக்கிறாய். அந்த வாரம் நீ போன் செய்து, "பரீட்சைக்குப் படிக்கிறேன்க்கா, அதான் வர முடியல" என்றாய். நான்தான் நன்றாகப் படி என்றேன்.

இதையெல்லாம்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்துவிட்டேன். கடைசிப் பத்தியில் பதினாலாம் தூண் வந்தது. "அளவு தவறிய தூணை உடைத்து மீண்டும் கட்டினேன். தவறுக்குக் காரணம் நான்" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பெருமையைத் திருடினாய், சரி. அந்தத் தூணை உடைத்தபோது எழுபது ஆட்கள் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள். அந்த அவமானம்கூடவா உனக்கு வேண்டியிருந்தது? என் தப்பையும் எனக்கு விட்டுவைக்கக் கூடாதா?

உன் அட்டவணையில் ஒரு வரிசை விட்டுப்போயிருக்கிறது, நான் சேர்த்துவிட்டேன். எதை ஏமாற்றி வாங்கலாம்? புத்தகச் சான்றிதழ்: படித்துத்தான் ஆக வேண்டும். படிக்கட்டுச் சான்றிதழ்: எதிரே உட்கார்ந்து துளைப்பார்கள், முடியாது. மணிக்கணக்குச் சான்றிதழ்: ஓர் அக்கா இருந்தால் போதும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்கா


ஜூன் 16

தங்கைக்கு,

அம்மா நலம். உன்னிடமிருந்து ஐந்து வாரமாக ஒன்றும் இல்லை. உடம்புக்கு என்ன என்று அம்மா கேட்கிறாள். வேலை அதிகம் என்று நானே உனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னையும் கூட்டுச் சேர்த்துவிட்டாய்.

நீ பதில் போடு, போடாமல் போ. என் விண்ணப்பம் நேற்றுப் போய்விட்டது. டிப்போ, முப்பது மாதம், தலைமை நான். பதினாலாம் தூணும் இருக்கிறது. சரிபார்க்க வேண்டியவர் என்ற இடத்தில் பெரியவர் பேரையே எழுதினேன். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறார். சரிபார்ப்புக்கு அவர்கள் சில படிவங்களைப் பொறுக்கும்போது என்னுடையது சிக்கினால், அவரிடம் கேட்பார்கள். கேட்கட்டும். நான் செய்யாத ஒரு மணி நேரம்கூட அதில் இல்லை. நான் ஏன் பயப்பட வேண்டும்?

உன்னைக் காட்டிக் கொடுத்து ஒரு வரிகூட எழுதவில்லை. உனக்காகச் செய்ததாக நினைக்காதே. அந்தப் படிவத்தில் உன்னைப் பற்றி எழுத இடம் இல்லை, அது என் வேலையைப் பற்றியது.

மேலாளர் நேற்றுக் கூப்பிட்டு நயமாகச் சொல்லிப் பார்த்தார். உதவியாளராக இருந்தாலும் மரியாதை குறையாது, ஒப்புக்கொள்ளுங்கள் என்றார். "மரியாதையை நான் பாத்துக்கிறேன் சார், நீங்க அக்டோபர் ஒண்ணாம் தேதியைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது மாடிக்கு ஏறிப் போய்விட்டேன். அப்புறம்தான் முழங்கால் வலித்தது.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லைதான். ஆனாலும் எழுதுகிறேன். நலமாக இல்லை. அம்மாவிடம் நலம் என்று சொல்.

எட்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். முதல் ஏழிலும் என் பக்கத்து நியாயம் இருந்தது. எனக்கு வேறு வழி இல்லை, நீ எப்படியும் சான்றிதழ் வாங்கப் போவதில்லை, உனக்கு என்ன நஷ்டம் என்றெல்லாம். உன்னிடம் ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று எழுத வந்தபோது பேனா நின்றுவிட்டது. கேட்டால், "போய் நீயே முப்பத்தாறு மாசம் நின்னு பாருடி" என்று சொல்லியிருப்பாய். அது சரியான பதில் என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உன்னை எதிர்த்துப் பேசுகிறேன். பதினாலாம் தூண் உன் தப்பு இல்லை. வரைபடம் மாறியபோது பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டியவள் கோப்பு பார்த்த நான். மறந்துவிட்டேன். நீ பழையதை வைத்து நூல் பிடித்துத் தூணுக்கு இடம் குறித்தாய். அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் புதிய வரைபடத்தைக் கோப்பில் செருகிவிட்டு, நீ "நான்" என்று எழுதியதை அப்படியே தட்டச்சு செய்தேன். அந்தப் படிவம் முழுக்கப் பொய், அக்கா. காரணம் நான் என்ற வரி மட்டும்தான் நிஜம்.

இன்று முடிந்தது: சான்றிதழ் கொடுத்தவர்களுக்கு எல்லாவற்றையும் எழுதி, என்னுடையதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ என்னை அனுப்பவில்லை, டிப்போவுக்குத் தலைமை தாங்கியது நீ மட்டும்தான் என்று பெரியவருக்கும் தனியாகக் கடிதம் போட்டுவிட்டேன்.

இன்று நின்றது: என் வேலை. இங்கே கம்பெனியிலும் நானே சொன்னேன். மாதக் கடைசியோடு போகச் சொல்லிவிட்டார்கள்.

யார் காரணம்: நான்.

வாலு


செப்டம்பர் 21

அன்புள்ள வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உனக்குப் பதில் எழுத இரண்டரை மாதம் எடுத்துக்கொண்டேன். ஐந்து வாரம் என்னைக் காக்க வைத்தாயே, அதற்கு வட்டி என்று வைத்துக்கொள். அதற்குள் எத்தனை டீ குடித்தேன் தெரியுமா?

என் படிவம் சரிபார்ப்பில் சிக்கியது. சிக்காமல் இருக்குமா, என் ராசி. பெரியவர் தானே பேருந்து பிடித்துத் தளத்துக்கு வந்து, உன் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போகும்போது ஐந்தாவது மாடிவரை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் போனார். போன வாரம் பரீட்சை எழுதினேன். பாஸ். மேலாளரின் மேஜையில் தாளை வைத்தேன். மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆறாவது மாடிக் கூரைக்கு அடுத்த மாதம் கான்கிரீட். தலைவி நான்தான். சட்டைக்காரர் போகவில்லை, இருந்து கற்றுக்கொள்கிறேன் என்று அவரே கேட்டார். போன செவ்வாய்க்கிழமை முதல்முறையாகச் சட்டையில் சிமெண்டோடு வீட்டுக்குப் போனார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள்.

இப்போது உன் விஷயம். பழைய வரைபடம் உன் கோப்பிலிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ புதியதைச் செருகியதையும் பார்த்தேன். ஆனால் வரைபடத்தில் தேதி போட்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் நூல் பிடித்தவள் நான். தலைவி நான் என்றால் தூணும் என்னுடையது. அதை இப்போதும் உனக்குத் தர மாட்டேன். வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு தூணை உடைத்துக்கொள்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. கேட்காதே, தெரிந்தால் நானே சொல்கிறேன்.

அதுவரை சும்மா உட்கார்ந்து முதுகை வளைக்காதே. ஆஸ்பத்திரிக்கு அடுத்து எனக்கு ஒரு பள்ளிக்கூடம் கொடுத்திருக்கிறார்கள். கோப்பு பார்க்க ஆள் வேண்டும். கோப்பில் ஆரம்பி, ஒழுங்காகச் செய்தால் ஒரு பகுதியை உன் தலைமையில் விடுகிறேன். விட்ட நாளிலிருந்து முப்பத்தாறு மாதம் எண்ணிக்கொள். காலை ஏழு மணிக்குத் தளத்தில் இருக்க வேண்டும், மூன்று வரியை நீயே எழுத வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் உன் படிவத்தைக் கொண்டுவா, நானே கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நாள் குறைந்தாலும் போட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா